ஃபிராவ் சுடலைமணி

ஜூன் 3, திங்கள்

தென்காசியில் பிறந்து தென்காசியிலேயே குடியிருக்கும் சுடலைமணியாகிய நான், வயது ஐம்பத்தெட்டு, தெளிந்த புத்தியோடும் வெறும் வயிற்றோடும் இந்த நோட்டின் முதல் பக்கத்தில் உறுதி கூறுகிறேன்: இதில் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்புகிறவர் யாராவது இருந்தால் அவரை நல்ல டாக்டரிடம் காட்டவேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் செய்கிறவன். முப்பது வருஷச் சேவை. ‘ஆடித் தள்ளுபடி’ என்று நான் மேலகரத்தில் வாயைத் திறந்தால் செங்கோட்டைக் கடைகளில் சேலைகள் தாமாகவே மடிப்புக் கலைந்து விழும். ஒருமுறை தண்ணீர் வரி பற்றி நான் அறிவித்தபோது குற்றால அருவி ஐந்து நிமிடம் விழுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் வீட்டார் வரிசை மதுரை வரை நின்றதால், ஒருவருக்குச் சம்மதம் சொல்லி மற்றவர்களை நோகடிப்பானேன் என்று விட்டுவிட்டேன். அக்கா கோமதியோடும் அவள் மகளோடும் இருக்கிறேன்.

அந்த மகள்தான் கதை. பெயர் உலகம்மாள். எங்கள் ஊர்க் கோயில் அம்மனின் பெயர். வீட்டில் உலகு. வயது இருபத்தைந்து, நர்ஸ். இரண்டு வருஷமாக விடிகாலையில் எழுந்து ஜெர்மன் மொழி படித்தாள். பரீட்சைகளை எல்லாம் தாண்டினாள். இப்போது அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வேலை கொடுத்துவிட்டது. அங்கே நர்ஸுக்கு ‘ப்ஃபிளேகெஃபாக்ஃபிராவ்’ என்று பெயராம். கூப்பிட்டு முடிப்பதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் முதல் தேதி அவள் அங்கே நிற்கவேண்டும். அதற்கு முன்னால் விசா வேண்டும். அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்ற பட்டியலை இன்று அச்செடுத்து வந்தேன். நடுவீட்டில் விரித்தேன். அது வாசலைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி விரிந்துகொண்டே போயிற்று. கடைசிப் பக்கம் கடையநல்லூரில் கிடந்ததாகக் கேள்வி.

“உலகுக்கே விசா வேணுமாம், பாத்தியாக்கா?” என்றேன்.

“ஏல, இத நீ காலையில இருந்து ஒம்பது தடவ சொல்லிட்ட. போயி அரிசி மாவு வாங்கிட்டு வா” என்றாள் அக்கா.

ஜூன் 5, புதன்

இன்று போட்டோ. அகலம் மூன்றரை சென்டிமீட்டர், உயரம் நாலரை. முகம் இத்தனை பங்கு, காது இந்த இடம், நெற்றியில் நிழல் விழக்கூடாது. சிரிக்கவும் கூடாது. கடைசி விதியைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு தேசம் தன் எல்லையில் பட்டாளத்தை நிறுத்தும், பீரங்கியை நிறுத்தும். சிரிப்பை நிறுத்தும் தேசத்தை நான் இன்றுதான் அறிந்தேன்.

ஸ்டுடியோக்காரர் அருணாசலம் பதினேழு தடவை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் உலகு சிரித்துவிட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க தயவுசெஞ்சு வெளிய நில்லுங்க” என்றார் அவர்.

“நான் என்னவே செஞ்சேன்?”

“ஒண்ணுஞ் செய்யாண்டாம். நீங்க மூஞ்சிய விறைப்பா வச்சிட்டு நிக்கறதப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது.”

வெளியே நின்றேன். பதினெட்டாவது தடவை சரியாக வந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிரிக்காத உலகுவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய மனுஷியாக இருந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

வரலாற்று நாள். ஜெர்மனியிலிருந்து வேலை ஒப்பந்தம் வந்தது. கூரியர்காரன் வாசலில் நின்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணாச்சி, எப்பம் கல்யாணம் முடிஞ்சுது? ஒரு பத்திரிகை வைக்கலியே?”

“யாருக்குவே கல்யாணம்?”

“ஃபிராவ் சுடலைமணின்னு வந்திருக்கு. ஃபிராவ்னா திருமதிம்பாவளாம். என் மச்சினன் அங்கனதான் இருக்கான், எனக்குத் தெரியும்.”

அக்கா உள்ளேயிருந்து, “இவனுக்குத் திருமதி வரணும்னா சீமையில இருந்துதான் வரணும். குடுத்துட்டுப் போப்பா” என்றாள்.

விஷயம் இதுதான். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கும். இனிஷியல். சு. உலகம்மாள். பள்ளிக்கூடத்தில் அப்படி, நர்சிங் கல்லூரியில் அப்படி. பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்து ஆகாது, விரித்து எழுது என்றார்கள். ‘சு’வை விரித்தால் சுடலைமணி. அது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஜெர்மன்காரர்கள் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். ஆக, அந்த ஆஸ்பத்திரியில் இனி காலை மாலை என் பெயர் ஒலிக்கும். டாக்டர்கள் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரக் கிழவர்கள் படுக்கையிலிருந்து, “ஃபிராவ் சுடலைமணி, கொஞ்சம் தண்ணீர்” என்பார்கள். எங்கள் குலசாமி சுடலைமாடன் அயல்நாட்டில் கால் வைத்தது இதுவே முதல் தடவை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர் நான்தான்.

ஜூன் 15, சனி

அந்த உறையை என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். கரையான் பயம். வேறு காரணம் இல்லை.

ஜூன் 27, வியாழன்

நேர்காணலுக்கு நாள் கிடைத்துவிட்டது. இதற்கு ஜெர்மனில் ‘டெர்மின்’ என்று பெயர். இரண்டு வாரமாக உலகு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தாள். கோடிக்கணக்கான பேர் ஒரே கதவில் முட்டுகிற ஓசை எனக்கு இங்கேயே கேட்டது. ஜூலை 24, காலை பத்து மணி, சென்னை. அதை விட்டால் அடுத்த டெர்மினுக்கு நாலைந்து மாதம் ஆகுமாம். ஆஸ்பத்திரி அத்தனை நாள் காத்திருக்காது. வரிசையில் அடுத்து நிற்கிற பிள்ளைக்கு வேலை போய்விடும்.

ஜூலை 8, திங்கள்

மாவு திரித்துவிட்டு வந்து காகிதங்களை அடுக்கினோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ்: சு. உலகம்மாள். நர்சிங் பதிவு: சு. உலகம்மாள். ஜெர்மன் பரீட்சை: உலகம்மாள் சுடலைமணி. பாஸ்போர்ட்டும் அப்படியே. அதில் பெற்றோர் என்ற இடத்தில் அம்மா பெயர் மட்டும்.

கடைசியில் பிறப்புச் சான்றிதழை எடுத்தாள். தந்தை பெயர்: பரமசிவம்.

அக்கா அடுக்களைக்குள் போய் மிக்சியை ஓடவிட்டாள்.

பரமசிவம் என் அக்கா புருஷன். உலகுக்கு மூன்று வயதாகும்போது பம்பாய்க்கு வேலைக்குப் போனவர். அங்கே வேறு குடும்பம். அப்புறம் ஒரு போஸ்ட் கார்டுகூட இல்லை. இருக்கிறாரா என்பதும் தெரியாது. இதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் இந்த இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டேன்.

“அப்பம் இந்த ‘சு’ எப்படி வந்துதுன்னு அவங்க கேப்பாவளே மாமா?” என்றாள் உலகு.

“கேக்கட்டும். உன்னப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போன அன்னைக்கு ஹெட்மிஸ்டிரஸ் இனிஷியல் என்னான்னு கேட்டாவ. நான் மேசையில ஓங்கி ஒரு அடி அடிச்சு, ‘சு!’ன்னு கர்ஜிச்சேன். கூரையில ஓடு நாலு விழுந்துச்சு. அந்தம்மா நடுங்கிக்கிட்டே எழுதினாவ. இதுதான் சரித்திரம்.”

உலகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஜூலை 10, புதன்

ஆஸ்பத்திரி அலுவலகப் பெண்மணி காகிதங்களைப் பார்த்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். உலகு படித்துச் சொன்னாள். ஒரே மனுஷிக்கு ஒரு காகிதத்தில் ஒரு தகப்பன், மற்றக் காகிதங்களில் வேறு ஒரு குடும்பப் பெயர் என்றால் அதிகாரி நிச்சயம் கேட்பார். பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கு உரியவர் யார், எப்படி அந்தப் பெயர் வந்தது என்று அவரே சத்தியம் செய்து எழுதித் தரவேண்டும். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ‘இந்தத் திரு. சுடலைமணி உங்களுக்கு யார்?’

முப்பது வருஷம் இந்த ஊரில் ஊர்ப்பட்ட கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. எங்கோ ஒரு பெண்மணி, முன்பின் தெரியாதவர், மேசையில் உட்கார்ந்து கேட்கிறார். பிரமித்துப் போய் ஒரு காப்பி கூடுதலாகக் குடித்தேன்.

ஜூலை 11, வியாழன்

வக்கீல் ஞானதிரவியம் என்னோடு எட்டாம் வகுப்புவரை படித்தவர். அவர் ஆபீசில் காற்றாடிக்குக் கீழே வைத்த காகிதமெல்லாம் பறக்கும். பறக்காதது அவர் மட்டும்தான்.

“லேசான சோலிவே” என்றார். “பள்ளிக்கூடத்துல சேக்கும்போது தவறுதலா தாய்மாமன் இனிஷியல் பதிவாயிட்டுன்னு ஒரு அஃபிடவிட் போட்டுருவோம்.”

“தவறுதலாவா?”

“ஆமா. தவறுதலா.”

“தவறு ஒண்ணும் நடக்கலியே.”

“வேய், இது சட்ட பாஷை. தவறுதலான்னு போட்டாதான் கேள்வி வராது.”

கூட வந்திருந்த உலகு குறுக்கிட்டாள். “வரும் சார். தவறுன்னா, தவற மொதல்ல திருத்திட்டு வாங்கன்னு சொல்லுவாவ. பாஸ்போர்ட், நர்சிங் பதிவு, ஜெர்மன் சர்ட்டிபிகேட் எல்லாத்துலயும் பரமசிவம்னு மாத்தணும். ஒரு வருஷம் ஆயிரும்.”

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “வேணும்னே செஞ்சதுன்னு எழுதினா, எந்த உரிமையில செஞ்சீருன்னு கேப்பானே?”

மூவரும் பறக்கிற காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 12, வெள்ளி

அறிவிப்பு எதுவும் இல்லாத நாள். உட்கார்ந்து அஃபிடவிட்டை நானே எழுதினேன். பதினோரு பக்கம். மேசை, அடி, கர்ஜனை, ஓடு எல்லாம் உண்டு. ஏழாம் பக்கத்தில் என் குரல்வளம் பற்றி ஒரு குறிப்பு. ஒன்பதில் தென்காசிக் கோபுர வாசலில் அடிக்கிற காற்று உட்பட இயற்கை சாட்சிகள்.

ஜூலை 13, சனி

வக்கீல் பதினோரு பக்கத்தையும் படித்தார். சிவப்புப் பேனாவால் அடித்தார். மிஞ்சியது என் பெயரும் விலாசமும். விலாசத்திலும் ‘புகழ்பெற்ற’ என்பதை எடுத்துவிட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

மத்தியானம் உலகுவிடம் சொன்னேன்: “பேசாம பேர மாத்திரு புள்ள. இந்தத் தடவ இல்லன்னா அடுத்த வருஷம் போ. சுடலைமணிங்கறது என்ன பெரிய பேரு? வாய்க்குள்ளயே நிக்காது. அந்த ஊர்க்காரங்க சொல்லச் சொல்ல நாக்கு சுளுக்கிக்கும். ஆஸ்பத்திரியில கூட்டம் கூடிரும்.”

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“மாமா, நான் ஒண்ணு கேக்கட்டா? நீங்க வாழ்நாள்ல ஒரே ஒரு தடவ, உள்ளத உள்ளபடி சொல்லுவீயளா? நாலு வரி. போதும்.”

“நாலு வரியில என்னத்தச் சொல்ல?”

“சொல்ல முடியும். பொய்தான் பதினோரு பக்கம் வேணும்.”

அவள் கோபமாக இருந்தாள். கோபம் வந்தால் அக்கா ஜாடை அப்படியே வரும். நான் கடைக்குப் போய்விட்டேன். எந்தக் கடை என்று நினைவில்லை. எதுவும் வாங்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

கையெழுத்துப் போட்டாயிற்று. முழு வாசகத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

‘நான் உலகம்மாளின் தாய்மாமன். தந்தை அல்ல. 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவள் முதல் வகுப்பில் சேர்ந்தபோது என் பெயரின் முதல் எழுத்து அவளுடைய இனிஷியலாகப் பதிவாயிற்று. அது தவறுதலாக நடந்ததல்ல. அன்று தொடங்கி அவளுடைய எல்லாச் சான்றிதழ்களிலும் அதுவே இருக்கிறது, அப்படியே இருக்க நான் சம்மதிக்கிறேன்.’

“யாரு சொல்லிப் பதிவாச்சுன்னு போடாண்டாமாவே?” என்றார் வக்கீல்.

“வேண்டாம்.”

“கர்ஜிச்சீருன்னு சொன்னீரே?”

“அது ஏழாம் பக்கத்துல இருந்துது. நீர்தான் அடிச்சிட்டீரு.”

நோட்டரி முத்திரை குத்தினார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் எழுப்பிய சத்தங்களிலேயே ஆகச் சின்னது.

ஜூலை 24, புதன்

சென்னை. காலை ரயிலில் இறங்கி, பல் விளக்கி, உலகு புடவை கட்டி, நான் சலவைச் சட்டை போட்டு ஒன்பதே காலுக்குப் போய் நின்றோம். கட்டடம் அண்ணாந்து பார்க்கிறவனுக்குக் கழுத்து நிரந்தரமாகப் பின்னால் சாய்ந்துவிடுகிற உயரம். மேல் மாடியில் மேகங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதைப் பார்த்தேன். காவலாளி அவளை மட்டும் உள்ளே விட்டார். விண்ணப்பதாரர் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லையாம்.

“நான்தான் சுடலைமணி” என்றேன்.

“இருக்கட்டும் சார். அந்த மரத்தாண்ட நில்லுங்க.”

மரத்தடியில் என்னைப்போல நாற்பது பேர். அப்பன்மார், புருஷன்மார், ஒரு கைக்குழந்தை. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறை. எல்லோரும் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோயில் நடை திறக்கக் காத்திருக்கிற கூட்டம்கூட இத்தனை பக்தியோடு நின்று நான் கண்டதில்லை. உள்ளே ஒரு மேசை. அந்த மேசையில் ஒரு கை. அந்தக் கை ஒரு முத்திரையைத் தூக்கினால் ஒரு பிள்ளையின் வானம் திறக்கிறது, தூக்காவிட்டால் இல்லை. இதில் மிகைப்படுத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பதினொன்றரைக்கு வந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. போட்டோ முகம்.

“என்ன ஆச்சு?”

“கேட்டாவ. சுடலைமணி உங்களுக்கு யாருன்னு.”

“தாய்மாமன்னு சொன்னியா?”

“அது அஃபிடவிட்லயே இருக்கே. நான் இனிஷியல்னு சொன்னேன்.”

“அது ஒரு உறவா புள்ள?”

“அந்த அம்மாவும் இததான் கேட்டாவ. எங்க ஊர்ல பேருக்கு முன்னால ஒரு எழுத்து நிக்கும், அது நமக்கு முன்னால நடந்து போற ஆளோட எழுத்துன்னு சொன்னேன். ஜெர்மன்ல சொல்லும்போது ஒரு வேற்றுமை உருபு தப்பாப் போச்சு. ஆனா அவங்களுக்குப் புரிஞ்சிட்டு. நாலு வரியையும் ரெண்டு தடவ படிச்சாவ. ‘அவரு இப்பம் எங்க?’ன்னாவ. கீழ மரத்தடியில நிக்காவன்னேன். எந்திரிச்சு ஜன்னல் வழியாப் பாத்தாவ.”

“நான் எப்படி நின்னேன்? கம்பீரமா இருந்தேனா?”

“சுண்டல் தின்னுட்டு இருந்தீய.”

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. ஜவுளிக்கடைக்கு அறிவிப்பு. ‘முந்துங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘பொறுங்கள்’ என்று சொல்லிவிட்டேன். ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கூரியர்காரன் எங்கள் தெருவுக்குள் வராமல் சுற்றிப் போகிறான். தினமும் நான் எதிரே போய் நிற்பது தொந்தரவாக இருக்கிறதாம். அக்காவிடம் புகார் செய்திருக்கிறான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வந்துவிட்டது.

உலகு டியூட்டியில் இருந்தாள். அவள் வந்துதான் பிரிக்கவேண்டும் என்று அக்கா உறையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில் நம் நாட்டில் மூன்று தேர்தல் நடந்து முடிந்திருக்கும்.

பிரித்தாள். பாஸ்போர்ட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரு தாள் ஒட்டியிருந்தது. பச்சையும் நீலமுமாக, சாய்த்தால் மயில் கழுத்துபோல நிறம் மாறியது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கோடுகள், கோடுகளுக்குள் கோடுகள். அதற்கு நடுவே அந்தச் சிரிக்காத படம். கீழே பெயர். SUDALAIMANI, ULAGAMMAL. என் பெயர் முன்னால், அவள் பெயர் பின்னால்.

அக்கா தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். “ஏல, உன் பேரு எவ்வளவு நீளம்ல. எடமே பத்தல பாரு” என்றாள். அப்புறம் அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பெட்டி எடை பார்த்தோம். அக்கா மூன்று தடவை இட்லிப் பொடியை வைத்தாள், உலகு மூன்று தடவை எடுத்தாள். நாலாவது தடவை நான் வைத்தேன். யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 21, சனி

திருவனந்தபுரம் விமான நிலையம் போய்த் திரும்பி, குளித்து, வெயில் தாழ எழுதுகிறேன்.

வாசலில் ஒரு பாதுகாப்பு வீரர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு அங்கேயே எல்லை. அக்கா அவள் தலையைத் தடவி, “சாப்பிட்டுரு, தூங்கிரு” என்று மட்டும் சொன்னாள்.

நான் ஒரு வழியனுப்புரை தயாரித்து வைத்திருந்தேன். நாற்பது நிமிடம் ஓடும். தொண்டையைச் செருமினேன்.

“மாமா, ஒண்ணு கேக்கணும்” என்றாள் உலகு. “ஸ்கூல்ல சேத்த அன்னைக்கு நீங்க மேசையில அடிச்சுக் கர்ஜிச்சீயளாக்கும்?”

“ஓடு நாலு விழுந்துது புள்ள.”

“எனக்கு ஞாபகம் இருக்கு மாமா. அஞ்சு வயசு. நம்ம வீட்டு மைக் பெட்டி, குழா, வயர் சுருள், ஸ்டூல் எல்லாத்து மேலயும் வெள்ளப் பெயிண்ட்ல ‘சு’ன்னு எழுதியிருக்கும். கல்யாண வீட்டுல சாமான் மாறிரக்கூடாதுன்னு நீங்க எழுதினது. நான் மொதமொதல்ல படிச்ச எழுத்தே அதுதான். வீட்டுல இருக்கறது எல்லாத்துக்கும் ‘சு’ன்னா எனக்கும் அதானன்னு நெனச்சேன்.”

வீரர் அவள் பாஸ்போர்ட்டுக்காகக் கையை நீட்டினார். படத்தைப் பார்த்து, அவளைப் பார்த்து, “சுடலைமணி?” என்று கேட்டார்.

“ஆமா” என்றாள் அவள். உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை கையசைத்தாள். நாற்பது நிமிட உரையில் ஒரு வார்த்தையும் எனக்கு வரவில்லை.

இந்த நோட்டைக் கையில் எடுக்கிறவர்களுக்கு இப்போது சொல்லிவிடுகிறேன். அருவி நிற்கவில்லை. பெண் வீட்டார் வரிசை எதுவும் எங்கேயும் நிற்கவில்லை. மேகங்களுக்குச் செருப்பு கிடையாது. நான் கர்ஜிக்கவும் இல்லை, ஓடு விழவும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்போதே கான்கிரீட் கூரை. ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம்.

ஹெட்மிஸ்டிரஸ் இனிஷியல் கேட்டபோது நான் ‘ப’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை முந்திக்கொண்டு, “சு” என்றாள். அந்தம்மா பேனாவை நிறுத்தி, சரிதானா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.